விதானையாரின் மூன்றாவது மகன்

தீவுப் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் முப்பத்தோராம் நாள் ஒரு புத்தகம் பிறந்துவிடும். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். கல்லைத் தேட வேண்டாம், கடதாசிதான். முன்பக்கத்தில் செத்தவரின் படம். அடுத்து அவர் பிறந்தது, படித்தது, பெற்றது. பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஆளுக்கொரு பாட்டு. நடுவில் தேவாரம், கடைசியில் வம்சாவளி மரம், அதற்கும் கடைசியில் நன்றி நவிலல். அந்தியேட்டிச் சடங்கின் சாப்பாடு முடிந்து கை கழுவி வருகிற எல்லோருக்கும் ஒன்று கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அன்றைக்கே தலையிடி தொடங்கும். செத்தவீட்டுப் புத்தகத்தை வீட்டுக்குள் வைத்திருக்க மனம் வராது. உள்ளே தேவாரம் இருப்பதால் குப்பையில் போடவும் முடியாது. சிலர் படமும் பெயரும் இருக்கிற பக்கங்களைக் கிழித்துவிட்டு மிச்சத்தைச் சாமியறையில் வைத்துப் பாடுவார்கள். மற்றவர்கள் ஒரு நல்ல நாள் பார்த்து எல்லாவற்றையும் கட்டிக்கொண்டுவந்து மடத்துவெளி நூலகத்தில் இறக்கிவிடுவார்கள்.

இறக்குகிறவற்றை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்பவள் கம்சிகா. புங்குடுதீவில் அந்தச் சின்ன நூலகத்துக்கு நூலகரும் அவள்தான், மழைக்கு யன்னல் சாத்துகிறவளும் அவள்தான். அடுத்த வீட்டுச் சங்கதி அறிகிற ஆவல் ஊரில் எல்லோருக்கும் உண்டு. அதைச் சம்பளத்தோடு செய்யக் கொடுத்துவைத்தவள் அவள் ஒருத்திதான். ஆறு வருடத்தில் அறுநூறு கல்வெட்டுகளுக்கு மேல் வாசித்து, யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரைக் கட்டினார் என்று ஏழு கொப்பிகளில் எழுதி வைத்திருந்தாள். தொண்ணூற்றொன்றில் ஊரே இடம்பெயர்ந்தபோது அலுமாரியோடு போன கல்வெட்டுகள் இப்போது ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் யார் யாருடையவோ பெட்டிகளில் திரும்பி வந்துகொண்டிருந்தன. பூட்டனின் பெயர் தெரியாதவர்கள் அங்கிருந்து அவளுக்குச் செய்தி அனுப்புவார்கள். அவளும் சலிக்காமல் தேடிக் கொடுப்பாள்.

ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர் நூலகத்துக்கு வந்தார். கம்சிகா படித்த பள்ளிக்கூடத்தின் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயதிலும் வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. வழக்கமாகப் பத்திரிகை வாசிக்க வருகிறவர், அன்றைக்குப் பத்திரிகையைத் தொடாமல் அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, தம்பையா விதானையாற்றை கல்வெட்டு இஞ்சை இருக்கோ?"

"இல்லை மாஸ்டர். அவர் ஐம்பத்தேழிலை செத்தவரெல்லே. அந்தக் காலத்திலை வந்ததிலை ஒண்டு ரெண்டுதான் தப்பினது. என்னத்துக்குக் கேக்கிறியள்?"

"பவதாரணியின்ரை விசயம்," என்றார். அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. பவதாரணி அவருடைய ஒரே மகள், கம்சிகாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், இப்போது வேலணையில் கணிதம் படிப்பிக்கிறாள். அவளும் இறுப்பிட்டி லவனும் இரண்டு வருடமாக விரும்பியிருந்தார்கள். சாதகம் பொருந்தி, இரண்டு வீடும் ஒத்துக்கொண்டு, நாள் குறிக்க லவனின் தாய் கமலாதேவி சித்திரையில் மாஸ்டர் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்தை வைத்தாள். மாஸ்டரின் தகப்பன் ஐயம்பிள்ளை செத்தபோது, இரண்டாயிரத்துப் பதினொன்றில், மாஸ்டரே வெளியிட்ட கல்வெட்டு அது. வம்சாவளிப் பக்கத்தை விரித்து விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். மேலே அந்தக் காலத்தில் ஊரை நிருவகித்த தம்பையா விதானையார். அவருடைய மூத்த மகன் வழியில் வந்த பூட்டப்பிள்ளை, லவனின் தகப்பன் தயாபரன். மூன்றாவது மகன் வீரகத்தி வழியில் வந்த பூட்டப்பிள்ளை, ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர்.

ஆண்வழியில் எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் சகோதரம் சகோதரம்தான். "அப்ப மாஸ்டரும் என்ரை மனுசனும் அண்ணன் தம்பி. பிள்ளையள் அண்ணனும் தங்கச்சியும். அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டுறது எந்த ஊரிலை?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கமலாதேவி எழும்பிப் போய்விட்டாள். நாலு மாதமாகக் கல்யாணம் அந்தப் பக்கத்தில் நின்றுபோயிருந்தது. பவதாரணி பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நூலகத்துக்குள் வந்து, கடைசி அலுமாரிக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு வீட்டுக்குப் போவாள்.

"அந்த மரத்திலை ஒரு பிழை இருக்குப் பிள்ளை," என்றார் மாஸ்டர், மேசையைப் பார்த்துக்கொண்டு. "அச்சுக்கூடத்திலை விட்ட பிழை. வீரகத்தி எங்கடை அப்பப்பா. அவர் விதானையாற்றை மகன் இல்லை. அதைக் காட்ட ஒரு ஆதாரம் வேணும்."

"அப்ப அவர் ஆற்றை மகன் மாஸ்டர்?"

"அது இப்ப தேவையில்லை. இல்லை எண்டு காட்டினாக் காணும்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கம்சிகா வாசல்வரை வந்து அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூட்டனைத் தேடி வருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பூட்டன் ஒருவரைத் தொலைக்க வந்தவரை இன்றைக்குத்தான் பார்த்தாள். அதற்குமேல் அவளால் சும்மா இருக்க முடியுமா? அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டையே மறந்துபோனாள்.

முதலில் ஐயம்பிள்ளையின் கல்வெட்டை எடுத்தாள். மரம் அழகாகத்தான் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் 'தொகுப்பு: அதிபர் ஐ. ஆழ்வாப்பிள்ளை' என்று போட்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சுக்கூடக்காரர் எழுத்தை விழுங்குவார், காலைத் திருப்பிப் போடுவார். விதானையாருக்கு ஒரு பிள்ளையைப் பெற்றுக் கொடுக்கிற வேலையெல்லாம் அவர் செய்ய மாட்டார்.

பிறகு விதானையாரின் மகள் பொன்னம்மாவின் கல்வெட்டைத் தேடி எடுத்தாள். எழுபத்துநாலில் வந்தது. அதில் பொன்னம்மாவுக்கு இரண்டே இரண்டு அண்ணன்மார்: கனகசபை, நாகலிங்கம். வீரகத்தி இல்லை. மாஸ்டருக்கு இது போதும்போல இருந்தது. ஆனால் கமலாதேவிக்குப் போதாது என்பது கம்சிகாவுக்குத் தெரியும். இந்த ஊரில் வேலிச் சண்டை ஒன்று வந்தால், கூடப்பிறந்தவனும் மரத்திலிருந்து உதிர்ந்துவிடுவான். அண்ணனோடு கோபித்துக்கொண்டு அண்ணனே இல்லாமல் செத்துப்போன ஒன்பது பேரை அவளுடைய கொப்பிகளிலேயே காட்டலாம். மரத்தில் பெயர் இல்லை என்பதால் ஒருவன் பிறக்கவில்லை என்று ஆகிவிடாது.

விதானையாரின் சொந்தக் கல்வெட்டு கிடைத்தால்தான் வழி. ரொறன்ரோவுக்கு எழுதினாள், பாரிசுக்கு எழுதினாள். அவர்கள் அங்கிருந்து பூட்டன்மாரைப் பற்றி இன்னும் நாலு கேள்வி கேட்டார்களே ஒழிய, புத்தகம் வரவில்லை. மூன்று கிழமை போய்விட்டது. அலுமாரிக்குப் பின்னால் நின்ற பவதாரணி, "விடடி, நான் இப்பிடியே இருந்திடுறன்," என்றாள். "வாயைப் பொத்தடி," என்று கம்சிகா ஏசி அனுப்பினாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தக் கடதாசிப் பெட்டி ஞாபகம் வந்தது. சாமியறைகளிலிருந்து வந்த முன்பக்கம் இல்லாத கல்வெட்டுகள் முப்பத்தெட்டு அதற்குள் கிடந்தன. யாருடையது என்று தெரியாததால் எந்தக் கொப்பியிலும் அவள் பதியவில்லை. படத்தைக் கிழித்தவர்கள் பின்பக்கத்தைக் கிழித்திருக்க மாட்டார்களே என்று இப்போதுதான் புத்தி வேலை செய்தது. நிலத்தில் குந்தி ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். வம்சாவளி இல்லாத பழைய காலத்துச் சின்னப் புத்தகங்கள் பல. இருபத்தாறாவது, எடுத்தவுடனே நடுவில் விரிந்துகொண்ட, பூச்சி அரித்த ஒன்று. மக்கள் புலம்பலில் 'விதானையாய் ஊராண்ட எந்தையே' என்று ஒரு வரி. மெதுவாகக் கடைசித் தாளைத் திருப்பினாள்.

'எங்கள் அருமைத் தந்தையாரின் பிரிவின்போது நேரில் வந்து துக்கம் விசாரித்தோர்க்கும், தந்தி அனுப்பியோர்க்கும், பந்தல் அமைத்தோர்க்கும், அந்தியேட்டி ஈறாக முப்பத்தொரு நாளும் வீட்டோடு நின்று சகல கருமங்களையும் தன் சொந்தக் கருமமாய்ப் பார்த்த அனலைதீவு வீரகத்தி அவர்கட்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. இங்ஙனம், மக்கள்: த. கனகசபை, த. நாகலிங்கம், த. பொன்னம்மா. மடத்துவெளி, ஏவிளம்பி வருடம்.'

ஏவிளம்பி என்றால் ஐம்பத்தேழு. ஆளும் அவர்தான், வருடமும் அதுதான். மகனுக்கு யார் நன்றி சொல்வார்கள்? மகன் கொள்ளி வைப்பான், மொட்டை போடுவான், பிண்டம் கரைப்பான். நன்றி நவிலலில் அவன் பெயரைப் போட்டால், அது அவனை வீட்டை விட்டுத் துரத்தியதற்குச் சமம். எந்தச் சண்டையிலும் ஒருவரும் அப்படிச் செய்ததை அவள் அறுநூறு கல்வெட்டிலும் கண்டதில்லை. நன்றி வாங்கியவர் பிள்ளையாக இருக்க முடியாது. கமலாதேவி என்ன, கமலாதேவிக்குச் சாதகம் பார்த்த சாத்திரியாரே வந்தாலும் இதை மறுக்க முடியாது. கம்சிகா தனியே நின்று கைதட்டினாள்.

சந்தோசம் ஒரு நிமிடம்தான் நின்றது. பவதாரணிக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிற அதே வரிதான் அவளுடைய தகப்பனின் சட்டையைக் கழற்றப் போகிறது. பரிசளிப்பு விழாக்களில் 'எமது குடும்பம் விதானை பரம்பரை' என்று அவர் பேசியதை இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் வெயிலில் இருந்து கேட்டிருக்கிறார்கள். அவளும் கேட்டிருக்கிறாள்.

அடுத்த நாள் மாஸ்டரை மட்டும் கூப்பிட்டு அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார்.

"வீரகத்தியெண்ட பேரை மறைச்சுப்போட்டு இதைப் படமெடுக்க ஏலாதோ பிள்ளை?"

"மறைச்சா ஆதாரம் எண்டு சொல்ல என்ன மாஸ்டர் மிச்சம் இருக்கு?"

"இல்லை, அச்சுக்கூடத்துப் பிழையெண்டு..."

"தொகுப்பு எண்டு உங்கடை பேர் கிடக்கு மாஸ்டர்."

அவர் கதிரையில் இருந்தார். வெளியே பஸ் ஒன்று வந்து நின்று, ஒருவரையும் ஏற்றாமல் போனது.

"அப்பா செத்த நேரம் மரம் கீறத் தொடங்கினனான்," என்றார் கடைசியாக. "கீழை எத்தினை ஆக்கள். கனடா, சுவிஸ் எண்டு தாள் காணாது. மேலை ஏறினால் அப்பப்பா ஒராள்தான். அவருக்கு மேலை வெறும் வெள்ளைக் கடதாசி. ஊரிலை எல்லாற்றை மரத்திலையும் ஒரு உடையார் இருக்கிறார், ஒரு விதானை இருக்கிறார். அப்பப்பா அனலைதீவிலையிருந்து விதானையாற்றை தோட்டத்துக் கிணத்திலை துலா மிதிச்சுத் தண்ணி இறைக்க வந்த மனுசன். நான் ஒரு அதிபர். அந்த வெள்ளைக் கடதாசியை அச்சடிக்க எனக்கு வெக்கமா இருந்தது பிள்ளை."

"அவரைப் பற்றி உங்கடை அப்பா ஒண்டும் சொல்லேல்லையோ?"

"நான் கேக்கேல்லை. கேட்டாத் துலாக் கதைதானே வரும்."

கம்சிகாவுக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. தண்ணீர் இறைக்க ஆள் பிடித்து நடந்த தோட்டங்கள்தான் இந்தத் தீவு முழுவதும். துலா மிதித்தவர்களை எல்லாம் கழித்துவிட்டால் ஊரில் யார் மிஞ்சுவார்கள்? அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். ஆனால் ஒன்றை மட்டும் அடக்க முடியவில்லை.

"பவதாரணிக்கு முப்பத்தொண்டு மாஸ்டர். அவள் இஞ்சை வந்து அழுறது உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்று அவர் முகமே சொன்னது. அந்தத் தாளை அவள் பக்கம் தள்ளி வைத்தார். "கமலாதேவிக்கு ரெலிபோன் எடும். சனிக்கிழமை இஞ்சை வரச் சொல்லும்," என்றார். "நீர் ஒண்டும் காட்ட வேண்டாம். நான் சொல்லுறன்."

சனிக்கிழமை காலை கமலாதேவி இறுப்பிட்டியிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினாள். பேசாத மனிதர் தயாபரனுக்கும் சேர்த்துப் பேசிப் பழகியவள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். மாஸ்டர் கதிரையில் இருக்கவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளை எழுப்பிக் கேள்வி கேட்டவர், பாடமாக்காமல் வந்த பிள்ளையைப்போலத் தானே எழும்பி நின்றார்.

"அந்த மரத்திலை இருக்கிறது பொய்," என்றார். "அச்சுக்கூடத்துப் பிழையில்லை. நான் எழுதின பொய். என்ரை அப்பப்பா விதானையாற்றை மகன் இல்லை. அவற்றை தோட்டத்திலை துலா மிதிச்சவர். உங்கடை மகனுக்கும் என்ரை மகளுக்கும் இரத்த உறவு ஒண்டும் இல்லை. நான் செய்த பிழைக்கு அந்தப் பிள்ளையளைத் தண்டிக்காதேங்கோ."

கம்சிகா தாளை நீட்டினாள். கமலாதேவி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும் மாஸ்டர்."

"என்ன தெரியும்?"

"வீரகத்தியர் ஆரெண்டு எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் தெரியும். அந்தப் புத்தகம் வந்த நாளையிலையிருந்து தெரியும். உங்கடை வாயாலை வரவேணும் எண்டுதான் இருந்தனான்."

கம்சிகாவுக்குக் கோபம் வந்தது. "இதுக்காகவோ அன்ரி, அந்தப் பிள்ளையை நாலு மாசத்துக்கு மேலை அழவைச்சனீங்கள்? இதென்ன நியாயம்?"

"அது பிழைதான்," என்றாள் கமலாதேவி. அவள் குரல் இறங்கியது. "மாஸ்டர் ரெண்டு நாளிலை வந்து சொல்லிப்போடுவார் எண்டு நினைச்சன். இப்பிடி இழுப்பார் எண்டு ஆர் கண்டது? பவதாரணி என்ரை வீட்டுக்கு வரவேண்டிய பிள்ளை. அவளிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறன். தை மாசத்துக்கு நாளைப் பாருங்கோ."

கல்யாணம் முற்றாகிவிட்டது. கம்சிகாவுக்கு உடனே பவதாரணிக்கு அறிவிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் கமலாதேவி எழும்பவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தாள். பேச இன்னும் ஏதோ இருந்தது.

"மாஸ்டர், என்ரை மாமா சிவக்கொழுந்தரை உங்களுக்குத் தெரியும்தானே. தயாபரன்ரை அப்பா. மாமா அஞ்சு வயசிலை தோட்டத்துக் கிணத்துக்கை விழுந்தவர். மேலை துலாவிலை நிண்ட வீரகத்தியர் அப்பிடியே உள்ளை குதிச்சுத்தான் தூக்கினவர். அவர் குதிக்காட்டி மாமா இல்லை, என்ரை மனுசன் இல்லை, லவன் இல்லை. அந்தக் கதையைச் சொல்லாத நாள் மாமாவுக்கு இல்லை. உங்கடை கல்வெட்டு வரேக்கை மாமா உயிரோடைதான் இருந்தவர். பக்கத்தைத் தடவித் தடவிப் பாத்துப்போட்டு என்னட்டைச் சொன்னவர், 'பிள்ளை, என்னைத் தூக்கின மனுசனை இதுக்கை காணேல்லை, இது ஆரோ விதானையாற்றை மகன்' எண்டு. அண்டைக்கு அந்தக் கிழவன் அழுததை நான் பாத்தனான். அதுதான் மாஸ்டர் என்ரை கோவம். நீங்கள் பெரிய ஆளாகினது எனக்கொண்டுமில்லை. அந்த மனுசனை இல்லாமல் செய்துபோட்டியள்."

ஆழ்வாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றார். வெட்கம் அவர் முகத்தில் இருந்தது, ஆனால் இப்போது அது வேறு வெட்கம். எழுபத்திரண்டு வயதில், அப்பப்பாவைப் பற்றி அவர் கேட்கிற முதல் கேள்வி வாய்க்குள் வந்து தடக்கியது.

"அப்பப்பா நல்லா நீந்துவாரோ?"

"நீந்தவே தெரியாதாம் மாஸ்டர்."

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அதில் இருந்தார். லேஞ்சித் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, பக்கத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல், சத்தம் போட்டு அழுதார். கமலாதேவி தன் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்திலிருந்து லேஞ்சியை எடுத்தார்.

"அப்ப ரெண்டு பேரும் எப்பிடி மேலை வந்தவை?" என்று கேட்டார்.